3 நிமிடம் முன்னாடி வந்ததற்கு 12 பாயிண்டா? டைம்கீப்பிங் எண்டூரோ ஓட்டியவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

மணற்சக்கரம்

நியூஜெர்சி பைன் பேரன்ஸ் காட்டில் ஒரு கிளப் நடத்திய எண்டூரோவில், அதாவது நீண்ட காட்டுப்பாதை பைக் போட்டியில், போன ஞாயிறு ஓட்டினேன். பழைய முறை, அதாவது எந்த மைலில் என்ன வேகம் என்று சொல்லும் ரூட் ஷீட், கடிகாரம், சொல்லாமல் வைக்கிற நேரச் சோதனையான ரகசிய செக் எல்லாம் உள்ள டைம்கீப்பிங் ஓட்டம். ரிசல்ட் நேற்று இரவு வந்தது, பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது.

நானும் என் நண்பனும் ஒரே ரோ (ஒரே நிமிடத்தில் சேர்ந்து கிளம்புகிற வரிசை), 38. நான்காவது செக்குக்கு நான் அவனைவிட முழுசாக 6 நிமிடம் முன்னால் வந்தேன். வழியில் இரண்டு தடவை விழுந்து கிளட்ச் லீவரை வளைத்துக்கொண்டு வந்தவன் அவன். அவனுக்கு 3 பாயிண்ட் போச்சு, எனக்கு 12. பாயிண்ட் குறைவாக இருந்தால்தான் ஜெயிப்பு என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேகமாக ஓட்டியவனுக்கு நாலு மடங்கு தண்டனை, இது என்ன பந்தயம்?

மணல் பற்றி வேறு சொல்லியாக வேண்டும். அந்தக் காட்டில் தரையே சர்க்கரை மாதிரி வெள்ளை மணல், வருஷக்கணக்கில் வண்டிகள் ஓடி ஓடி இடுப்பளவு மேடும் பள்ளமுமாக விடாமல் வரும். உட்கார்ந்தால் முதுகு போகும், நின்றால் தொடை போகும். அதில் உயிரைக் கொடுத்து ஓட்டிவிட்டு வந்தால் "நீ சீக்கிரம் வந்துட்டே" என்கிறார்கள்.

கிளட்ச்வயர்

இதனால்தான் நான் ரீஸ்டார்ட் முறை ஓட்டத்தைத் தவிர எதற்கும் பேர் கொடுப்பதில்லை. ஸ்பெஷல் டெஸ்ட், அதாவது நேரம் அளக்கிற துண்டின் ஆரம்பத்தில் உன் ரோவின் நிமிடத்துக்குக் கிளம்பு, முடிவு வரை கண்மூடித்தனமாக ஓட்டு, வினாடியை எண்ணு, அவ்வளவுதான். அடுத்த டெஸ்டுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், யாரும் பாயிண்ட் போட மாட்டார்கள். அமெரிக்கத் தேசிய எண்டூரோ தொடரே 2000களின் பிற்பாதியில் அந்தப் பக்கம் போய்விட்டது. பைக் ஓட்ட வந்தவனிடம் கணக்குப் பரீட்சை வைத்தால் எப்படி?

பழைய ஹஸ்கி

மணற்சக்கரம் தம்பி, முதலில் அந்த 12 எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க விதியில் தாமதத்துக்கு நிமிடத்துக்கு 1 பாயிண்ட். முன்னாடி வந்தால் முதல் நிமிடத்துக்கு 2, அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 5. உங்களுக்கு 2+5+5. நண்பர் 3 நிமிடம் தாமதம், 3 பாயிண்ட். கணக்கில் பிழை இல்லை.

செக்கில் ஒரு ஸ்டாண்டில் எண் அட்டை இருந்திருக்குமே, நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டுவார்கள், கவனித்தீர்களா? அதில் 38 என்று இருக்கும்போது நீங்கள் போயிருந்தால் பூஜ்யம். நீங்கள் போனபோது 35 இருந்திருக்கும், நண்பர் வந்தபோது 41. அந்த எண்தான் எல்லாமே, அது உங்கள் ரோ எண்ணாக இருக்கும் 60 வினாடிக்குள் கொடிகளுக்கு நடுவே நுழைய வேண்டும். மற்றபடி நீங்கள் எவ்வளவு வேகமாக வந்தீர்கள் என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது செக்குக்கும் நான்காவதுக்கும் நடுவில் ரூட் ஷீட்டில் என்ன இருந்தது? அப்படியே இங்கே போடுங்கள்.

மணற்சக்கரம்

ஷீட் இன்னும் பாண்ட் பாக்கெட்டில்தான் கசங்கிக் கிடக்கிறது. மணிக்கு 24 மைல் வேகத்தில் ஆரம்பம். பெட்ரோல் நிறுத்தத்தில் 10 நிமிட இலவச நேரம். அப்புறம் 31.2 மைலில் "வேகம் 18" என்று ஒரு வரி. செக் 34.8இல் இருந்தது என்று ரிசல்டில் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது செக்கில் எனக்குப் பூஜ்யம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஹஸ்கி

கிடைத்துவிட்டது. 31.2இலிருந்து 34.8 வரை 3.6 மைல். 18 மைல் வேகத்தில் நிமிடத்துக்கு 0.3 மைல், ஆக 12 நிமிடம். 24இல் நிமிடத்துக்கு 0.4 மைல், ஆக 9 நிமிடம். உங்கள் 3 நிமிடமும் அந்த ஒரு வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

மணற்சக்கரம்

சரி அண்ணா, எண் புரிகிறது. நியாயம்தான் புரியவில்லை. அந்த 3.6 மைல் எப்படிப்பட்ட பாதை தெரியுமா, நல்ல அகலமான தீயணைப்புப் பாதை, கண்ணுக்கெட்டிய தூரம் நேர்கோடு. நெருக்கமான மரங்களுக்கு நடுவே ஹேண்டில்பார் உரச உரச வந்தபோது 24 கேட்டார்கள், அகலமான பாதைக்கு வந்ததும் 18. அதாவது வேகமாகப் போக முடிகிற இடத்தில் மெதுவாகப் போகச் சொல்லி ஒளிந்திருந்து பிடிக்கிறார்கள். இது பொறி இல்லாமல் வேறென்ன?

பழைய ஹஸ்கி

பொறிதான். அதில் சந்தேகமே வேண்டாம். பாதை போடுகிறவனுடைய கலையே அங்கேதான் இருக்கிறது. காட்டுக்குள் 24 கேட்டால் நல்ல ஓட்டுநர்கூட பின்தங்குவான், அங்கே 4 நிமிடம் இழந்தவனும் 9 நிமிடம் இழந்தவனும் பிரிவார்கள். வெளியே வந்ததும் போன நேரத்தைப் பிடித்துவிடலாம் என்கிற வெறி எல்லோருக்கும் வரும். அப்போது வேகத்தைக் குறைத்து ஒரு செக் வைத்தால், எவன் ஷீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான், எவன் முன்னால் போகிறவனின் புழுதியைப் பார்த்து ஓட்டினான் என்று தெரிந்துவிடும்.

முன்னாடி வந்தால் அதிகத் தண்டனை ஏன் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த ஓட்டங்கள் மூடிய மைதானத்தில் நடப்பதில்லை. காட்டுத் துண்டுகளுக்கு நடுவே பொதுச் சாலை வரும், அதனால்தான் நம்பர் பிளேட், லைட், காப்பீடு எல்லாம் கேட்கிறார்கள், சைலன்சரில் தீப்பொறித் தடுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காட்டு இலாகாவிடமும் நிலத்துக்காரர்களிடமும் போய் "இது ரேஸ் இல்லை, சராசரி 24 மைல், மீறினால் நாங்களே தண்டிக்கிறோம்" என்று சொல்லித்தான் அனுமதி வாங்குவது. முன்னாடி வந்தவனை விட்டுவிட்டால் அடுத்த வருஷம் காடே கிடைக்காது.

கோவை டி.எஸ்.டி

நம் ஊர் டி.எஸ்.டி. ராலி ஓட்டியவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. நேரம், வேகம், தூரம், அதேதான். ரெய்டு டி ஹிமாலயாவிலும் இரண்டு வகை வைத்திருந்தார்கள், எக்ஸ்ட்ரீம் என்றால் வேகம், அட்வென்ச்சர் ட்ரையல் என்றால் டி.எஸ்.டி. காரில் கணக்குப் போட நேவிகேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், திட்டுவதற்கும் ஒரு ஆள் கிடைக்கும். பைக்கில் இரண்டு வேலையும் ஒரே ஆள், அதுவும் மணலில். அதை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

கிளட்ச்வயர் ப்ரோ கணக்குப் பரீட்சை என்கிறார். முகூர்த்தத்துக்குத் தாலி கட்டுவது போலத்தான் இதுவும், அரை மணி முன்னாடியே கட்டிவிட்டேன் என்று பெருமைப்பட முடியுமா? நேரத்தில் கட்டத்தான் அத்தனை பேர் ஓடுகிறார்கள்.

ஒரு சந்தேகம். எல்லா ரோவும் வேறு வேறு நிமிடத்தில் கிளம்புகிறது என்றால் எல்லோருக்கும் ஒரே ஷீட் எப்படிச் சரியாகும்? எங்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனி நேரம் எழுதிய டைம் கார்டு கொடுப்பார்கள்.

பழைய ஹஸ்கி

நல்ல கேள்வி. ஷீட் முழுவதும் "கீ டைம்" என்று ஒரு நேரத்தை வைத்து அச்சடித்திருப்பார்கள், பெரும்பாலும் காலை 8 மணி. 38ஆம் ரோ கிளம்புவது 8:38க்கு. அதனால் 38ஆம் ரோக்காரன் தன் கடிகாரத்தை 38 நிமிடம் பின்னால் திருப்பி வைத்துக்கொள்வான். அவன் கிளம்பும்போது அவன் கடிகாரத்தில் மணி 8. அதற்கப்புறம் அவனுக்கு ரோ எண்ணே மறந்துபோகலாம், ஷீட்டில் 10 மைலுக்கு 8:25 என்று இருந்தால் அவன் கடிகாரத்திலும் 8:25 இருக்க வேண்டும். அதனால்தான் காலையில் கிளப்பின் அதிகாரபூர்வ கடிகாரத்தைச் சுற்றி ஒரு கூட்டம் நின்று வினாடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்.

ஷீட்டை நீள நாடாவாக வெட்டி ஒட்டி ரோல் சார்ட் பெட்டிக்குள் சுருட்டி ஹேண்டில்பாரில் மாட்டுவது. இடது கட்டைவிரலால் குமிழைத் திருகத் திருக நாடா நகரும், ஓடோமீட்டரில் என்ன மைல் வருகிறதோ அந்த வரி ஜன்னலில் தெரிய வேண்டும். மழை பெய்தால் பெட்டிக்குள் ஆவி படிந்து எண்கள் ஊறிப்போகும், அதனால் பழைய ஆட்கள் நாடா முழுக்க அகலமான செல்லோ டேப் ஒட்டிவிடுவோம். இப்போது ஐ.சி.ஓ. கம்ப்யூட்டர் வாங்கி, வேக மாற்றம், ரீசெட் எல்லாவற்றையும் முந்தின நாள் இரவே ஏற்றிவிட்டால் அது "நீ 40 வினாடி முன்னால்" என்று நேராகவே காட்டிவிடும். அதைத் தப்பாக ஏற்றியவர்களும் உண்டு, அவர்கள் துல்லியமாகத் தவறான நிமிடத்தில் வந்து சேருவார்கள்.

கிளட்ச்வயர்

பாருங்கள், இவ்வளவு எழுதியும் பைக் ஓட்டுவது பற்றி ஒரு வரி வரவில்லை.

பழைய ஹஸ்கி

வருகிறது. டிக் பர்ல்சன் 1974இலிருந்து 1981 வரை தொடர்ந்து 8 தடவை அமெரிக்கத் தேசிய எண்டூரோப் பட்டம் வாங்கினார், எல்லாம் இந்த முறையில்தான். அதற்கு முன் பில் பெயர்ட் 7 பட்டம், ட்ரயம்ஃபில். மைக் லாஃபர்ட்டிக்கும் 8, அவர் மணற்சக்கரத்தின் நியூஜெர்சிக்காரர்தான். இவர்கள் யாரும் கணக்குப்பிள்ளைகள் இல்லை. காட்டுக்குள் மற்றவன் 8 நிமிடம் இழக்கும் இடத்தில் 3 மட்டும் இழப்பவன்தான் ஜெயிப்பான், கணக்கு அவனைக் காப்பாற்றுவது வெளியே வந்த பிறகு மட்டும்.

இன்னொன்று, இது யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. மெதுவாக ஓட்டுகிறவனுக்கு டைம்கீப்பிங்கே தேவையில்லை. முதல் காட்டிலேயே 10 நிமிடம் பின்தங்கிவிட்டவன் எங்கே முன்னாடி வரப்போகிறான், அவன் பாட்டுக்கு ஓட்ட வேண்டியதுதான், ஒரே கவலை மொத்தமாக 60 நிமிடம் தாமதமாகிவிடக் கூடாது. ஆனால் ரீசெட் எங்கே வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரீசெட் என்றால் ஷீட்டில் மைல் கணக்கு ஒரேயடியாகத் தாவும், உதாரணமாக 40.0இலிருந்து 42.0க்கு. வண்டி ஒரு அடிகூட நகராமலே 24 வேகத்தில் 5 நிமிடம் கையில் வரும்... இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும், தாவின 2 மைலுக்கு உரிய 5 நிமிடம் ஷீட் நேரத்தில் சேரும், தாமதமாக வந்தவனுக்கு அது லாபம், நேரத்தில் வந்தவன் 5 நிமிடம் நின்று மூச்சு வாங்கலாம்.

ஈரநிலம்

வணக்கம், ஜேர்மனியில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைக்கிற அமெரிக்க முறையை வாசிக்க எனக்குப் புதுமையாக இருக்கு, இங்கே ஐரோப்பாவில் நேரக் கட்டுப்பாட்டு நிலையங்கள் எங்கே இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒளிச்சு வைக்கிற வேலை இல்லை. கார்டில் உங்கட நிமிடம் இருக்கும், நேரத்துக்கு முன்னமே வந்தால் நிலையத்துக்கு வெளியில் நின்று காத்திருக்கலாம், நிமிடம் வந்ததும் உள்ளே போகலாம். முந்தினாலும் பிந்தினாலும் நிமிடத்துக்கு 60 வினாடி தண்டம், இரண்டுக்கும் ஒரே விலை. வெற்றி தோல்வி ஸ்பெஷல் டெஸ்ட் வினாடிகளில்தான், ஆனால் ஒரு நிமிடம் பிந்தினால் அந்த வினாடிகள் எல்லாம் வீண்.

2012இல் சிக்ஸ் டேஸ், அதாவது ஆறு நாள் சர்வதேச எண்டூரோப் போட்டி, இங்கே சாக்சனியில் நடந்தபோது பார்க்கப் போயிருந்தேன், சாக்சன்ரிங் மைதானத்தில் முகாம். பாதையில் ஓடுகிறதைவிட நான் அதிக நேரம் நின்று பார்த்தது பின்னேர ரயர் மாற்றுகிறதைத்தான். நாள் முடிவில் வண்டியைப் பூட்டி வைக்கிற இடத்துக்குள் விடுவதற்கு முன் 15 நிமிடம்தான், அதற்குள் ரயர், எண்ணெய், பிரேக் எல்லாம். ஓடினவரே செய்ய வேண்டும். மெக்கானிக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயால் சொல்லலாம், கை வைத்தால் சரி, கதை முடிஞ்சது. ஒரு பொடியன் காற்று ட்யூப்புக்குப் பதிலாகப் போடுகிற அந்த நுரை வளையத்துக்கு ஜெல்லைப் பூசி, ரிம்மில் முழங்காலை ஊன்றி, மூன்று நெம்பியையும் வரிசையாகச் செருகி ரயரின் ஓரத்தை உள்ளே தள்ளினான். முழங்கை வரை ஜெல்லும் சேறும். நாள் முழுக்க ஓடிக் களைச்ச கை, விரல்கள் நடுங்குது, ஆனால் நெம்பி ஒரு தடவையும் வழுக்கவில்லை. பின்சக்கரத்தின் அச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்தான், பிறகு முன்சக்கரத்தைக் கழட்டினான். எனக்கு வீட்டில் ஒரு சக்கரத்துக்கே ஒரு மத்தியானம் போகும்.

இரவு முழுக்க வண்டி பூட்டினபடி. காலையில் கொஞ்ச நேரம் வேலை செய்ய விடுவார்கள், பிறகு உங்கட நிமிடம் வந்ததும் அந்த ஒரு நிமிடத்துக்குள் எஞ்சினை உயிர்ப்பித்து 20 மீற்றர் தாண்ட வேண்டும்.

கோவை டி.எஸ்.டி

அருமை ஈரநிலம். சிக்ஸ் டேஸ் என்பது 1913இல் இங்கிலாந்தில் கார்லைலில் தொடங்கியதுதானே? ஸ்டீவ் மெக்வீன் நடிப்பை ஓரம் வைத்துவிட்டு 1964இல் கிழக்கு ஜெர்மனியில் ட்ரயம்ஃபில் போய் ஓட்டினார் என்பது அதில்தான். அமெரிக்காவில் முதன்முதலில் 1973இல், மாசசூசெட்ஸில்.

ஈரநிலம்

ஓம், அதுதான். பதக்கமும் நேரத்தை வைத்துத்தான்: உங்கட வகுப்பில் முதலாவதாக வந்தவரைவிட 10 சதவீதத்துக்குள் முடித்தால் தங்கம், அதைவிடக் கொஞ்சம் தளர்ந்த எல்லைக்குள் வெள்ளி, ஆறு நாளும் முடித்த மற்ற எல்லாருக்கும் வெண்கலம். அந்த வெண்கலத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டு நின்ற ஆக்களைப் பார்த்திருக்கிறேன்.

விதி என்று வந்தால் அங்கேயும் சண்டை குறைவில்லை. 2015இல் ஸ்லோவாக்கியாவில் வழியில் இருந்த ஒரு சோதனைப் புள்ளியைத் தவறவிட்டதாகச் சில பெரிய நாடுகளின் ஓட்டுநர்கள் மேல் பிரச்சனை வந்து, போட்டி முடிஞ்ச பிறகும் மேல்முறையீடு இழுபட்டு, கடைசியில் உலகக் கோப்பை அவுஸ்திரேலியாவுக்குப் போனது. வேகத்தில் யாரும் யாரையும் வெல்லவில்லை, ஒரு புள்ளி.

கிளட்ச்வயர்

நீங்களே என் வாதத்துக்கு ஆதாரம் கொடுக்கிறீர்கள் நண்பரே. ஆறு நாள் செத்துப் பிழைத்து ஓட்டியதை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்.

ஐரோப்பிய முறையை நான் ஒத்துக்கொள்வேன், செக் எங்கே என்று சொல்லிவிட்டு வைக்கிறார்கள். ரகசிய செக்தான் எனக்குப் பிடிக்காதது. எதிரில் வளைவு திரும்பியதும் திடீரென்று கொடி தெரிகிறது, பிரேக் அடித்து நிற்கவும் முடியாது, கண்ணில் பட்ட பிறகு நிற்காமல் முன்னேறிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள். அப்போது பார்க்க வேண்டுமே, முதல் கியரில் பாதை முழுக்க இடமும் வலமுமாக ஊர்ந்து ஊர்ந்து நிமிடத்தை ஓட்டுகிற கூத்தை. பெரிய பெரிய சாம்பியன்கள் சைக்கிள் பழகுகிற பிள்ளைகளாகிவிடுகிறார்கள்.

பழைய ஹஸ்கி

அந்த ஊர்வலம் எனக்கும் சிரிப்புதான், மறுக்க மாட்டேன். ஆனால் ரகசியம் என்பதும் அரை ரகசியம்தான். 24 வேகத்தில் செக் எந்த மைலில் வரலாம் என்பதற்குக் கட்டு இருக்கிறது, முழு நிமிடத்தில் விழும் இடமாக இருக்க வேண்டும். நல்ல டைம்கீப்பர் அந்த இடங்களை முந்தின இரவே நாடாவில் மார்க்கரால் வட்டம் போட்டு வைத்திருப்பான். வட்டம் வருவதற்கு முன்னால் மெதுவாக்குவான், தாண்டியதும் விடுவான். காடு முழுக்க இப்படி ஒரு தாளம் இருக்கும், வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது.

ரீஸ்டார்ட் முறையில் நான் ஓட்டியிருக்கிறேன், குறை சொல்ல மாட்டேன், புதுப் பையன்கள் வருவதற்கு அதுதான் வழி. ஆனால் ஒன்று போய்விட்டது. 50 வயதுக்காரன் 20 வயதுக்காரனை மூளையால் அடிக்க முன்பெல்லாம் ஒரு இடம் இருந்தது. மிச்சிகனில் 1920களில் ஆரம்பித்த ஜாக் பைன் ஓட்டத்தின் பரிசு ஒரு மாட்டுமணி. அந்த மணியை வாங்கியவர்கள் எல்லோரும் அன்றைக்கு அங்கே இருந்ததிலேயே வேகமான ஆட்கள் என்று நான் நம்பவில்லை.

எக்ஸ்பல்ஸ் மதுரை

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. அண்ணா, அந்த மாதிரி ஓட்டம் கிடைக்காத ஊரில் இருந்துகொண்டு இந்த நேரம் பார்த்து ஓட்டுவதை மட்டும் பழக முடியுமா? வண்டி எக்ஸ்பல்ஸ் 200.

கோவை டி.எஸ்.டி

தாராளமாக முடியும் தம்பி. மைல் வேண்டாம், 36 கிலோமீட்டர் வேகம் வைத்துக்கொள், நிமிடத்துக்குச் சரியாக 600 மீட்டர், மனக்கணக்குக்குச் சுலபம். கண்மாய்க் கரை, மண் ரோடு எதாவது ஒன்றில் 6 கிலோமீட்டர் அளந்துகொண்டு 10ஆவது நிமிடத்தில் போய் நிற்கப் பார். நேராகப் போனால் எவனும் செய்வான், நடுவில் ஒரு வாய்க்காலும் நாலு ஆட்டு மந்தையும் வரட்டும், அப்போது பார்.

பழைய ஹஸ்கி

அதோடு ஒன்று: தூரத்தை முன்சக்கரத்தில் சென்சார் வைத்து அளக்க வேண்டும். பின்சக்கரம் மணலில் சுற்றினால் போகாத தூரத்தையும் போனதாகக் காட்டும். காற்றழுத்தம் மாறினாலும் டயர் தேய்ந்தாலும் கொஞ்சம் மாறும், அதனால் தெரிந்த தூரத்தில் ஒரு தடவை ஓட்டிச் சரிபார்த்துவிட்டு அப்புறம் நம்பு. ஓட்டத்தில் மைல் பலகை வரும் இடங்களில் எல்லாம் அந்த எண்ணுக்குத் திருத்திக்கொள்வோம்.

மணற்சக்கரம்

நான்காவது செக் பற்றி எனக்கு இன்னும் சமாதானமாகவில்லை, 18 என்பதைப் பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கிளப்புக்கு எழுதியிருக்கிறேன். எமர்ஜென்சி செக் என்று ஒன்று ரிசல்டில் இருக்கிறது, அதில் எனக்கு 34 என்று என்னவோ வினாடி போட்டிருக்கிறார்கள், அதற்கும் தண்டமா?

பழைய ஹஸ்கி

அது சமநிலை உடைப்பதற்கு. இரண்டு பேருக்கு ஒரே பாயிண்ட் வந்தால் அந்த செக்கில் யார் நிமிடத்தின் நட்டநடுவுக்கு, அதாவது 30ஆவது வினாடிக்குப் பக்கத்தில் வந்தார்கள் என்று பார்ப்பார்கள். நீங்கள் 4 வினாடிதான் தள்ளி. அந்தக் காட்டில் அது சாதாரண விஷயம் இல்லை தம்பி, எப்படிச் செய்தீர்கள்?

மணற்சக்கரம்

தெரியவில்லை, சங்கிலி கழன்றுவிட்டது, மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கிளட்ச்வயர்

😂😂 இதற்குத்தான் இரண்டு பக்கம் கணக்குப் போட்டீர்களா? சரி, அடுத்த மாதம் அதே கிளப் ஓட்டத்துக்கு நானும் பேர் கொடுக்கிறேன். 50க்கு மேல் ரோ கிடைக்குமா, காலையில் எனக்கு எழுந்திருக்க வராது.

பழைய ஹஸ்கி

ரோ 50 என்றால் முன்னால் போன 200 வண்டி மணலைத் தோண்டி வைத்திருக்கும். 15க்குள் கேளுங்கள், கடிகாரம் நான் தருகிறேன். வெல்க்ரோ மட்டும் வாங்கி வாருங்கள், டேப் போட்டு ஒட்டினால் முதல் ஓடையிலேயே போய்விடும்.